பழைய புல்லட்டில் கிளட்ச் பிரியவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம் சொந்தங்களே. அப்பச்சி ஓட்டிய 1978 மாடல் புல்லட் 350, கானாடுகாத்தான் வீட்டு முகப்பில் ஆறு வருடம் சும்மா நின்றது. போன மாதம் காரைக்குடிக்குக் கொண்டுவந்து, கார்புரேட்டரைக் கழுவி ஆயில் மாற்றினேன். இரண்டாவது கிக்கிலேயே எடுத்துவிட்டது. சத்தம் கேட்டு ஆத்தா வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

சிக்கல் கிளட்சில். லிவரை முழுதாகப் பிடித்து முதல் கியர் போட்டால், வண்டி முன்னே பாய்ந்து நின்றுவிடுகிறது. லிவரைப் பிடித்தபடி கிக்கரை மிதித்தாலும் இன்ஜின் சுற்றுகிறது. இந்த வண்டியில் கிக்கரின் விசை கிளட்ச் வழியாகத்தானே இன்ஜினுக்குப் போகிறது? கிளட்ச் பிரிந்திருந்தால் கிக்கர் லேசாக இறங்க வேண்டும்.

புது கேபிள் போட்டு, அட்ஜஸ்ட் செய்தும் மாற்றமில்லை. சரி என்று இடது பக்கம் கிளட்சை மூடியிருக்கும் பிரைமரி கவரைக் கழற்றினேன். பழைய ஆயில் பசையாகிப் பிளேட்டுகள் ஒட்டியிருந்தன. மண்ணெண்ணெயில் கழுவி மாட்டியதும் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். அப்புறம் கவனித்தேன்: லிவரைப் பிடிக்கும்போது பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் நேராக எழாமல் ஒரு பக்கம் சாய்ந்தே எழுகிறது. பிளேட்டுகள் உட்காரும் கிளட்ச் டிரம்மின் பள்ளங்களில் பிளேட் பல் பதிந்த தடமும் இருக்கிறது.

ஸ்பிரிங் திருகுகளைச் சமமாக முடுக்கினால் போதுமா, தடத்தை அரம் போட்டுச் சமப்படுத்த வேண்டுமா? பிரஷர் பிளேட்டைத் தள்ளும் புஷ் ராட் தேய்ந்தாலும் இப்படி ஆகுமா? டிரம்மையே மாற்றச் சொல்கிறார் ஒருவர். அப்பச்சி காலத்து உருப்படியை முடிந்தவரை காப்பாற்றவே ஆசை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இந்த வேலை தெரிந்த மெக்கானிக் இருந்தாலும் சொல்லுங்கள்.