மறு: ‘டெபிடாஜ்’ – ‘கழிவுச் செதில்’ சரிவருமா?

> கல்லாயுதம் செய்யும்போது சிதறும் கல்துண்டுகளுக்கெல்லாம் (டெபிடாஜ்) ‘கழிவுச் செதில்’ என்றே வைத்துக்கொள்ளலாமா?

ஐயா, வணக்கம். திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். இரண்டு சொல்லுமே எனக்கு இடறுகின்றன.

முதலில் செதில். அடி விழுந்த விளிம்பில் சிறு தட்டையான பரப்பு, அதற்குக் கீழே உட்புறத்தில் மெல்லிய புடைப்பு. இவற்றை வைத்துத்தான் இது மனிதர் பெயர்த்த செதில் என்கிறோம். ஆனால் இலங்கையின் கற்காலக் கருவிகளில் பெரும்பாலானவை குவார்ட்ஸ். களுத்துறை மாவட்டத்துப் பாகியங்கல குகையில் கிடைத்த, ஏறத்தாழ 45,000 ஆண்டு பழைய நுண்கருவிகளும் அப்படியே. குவார்ட்ஸ் சொன்னபடி கேட்கிற கல் அல்ல. பல வேளைகளில் ஓர் அடியிலேயே புடைப்பு எதுவும் காட்டாமல் கோணல்மாணலாக நொறுங்கிவிடும். அந்த நொறுங்கலும் டெபிடாஜ்தான், செதில் அல்ல. இரண்டையும் அடக்கச் ‘சில்லு’ பொருந்தும். (‘சல்லி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். எங்களுக்கு அது காசு, இல்லாவிட்டால் சாம்பல்தீவுப் பக்கம் முத்துமாரியம்மன் இருக்கிற ஊர்!)

அடுத்தது கழிவு. பிரெஞ்சு மூலத்தில் அந்தப் பொருளே இல்லை, துண்டுபோடுதல் என்பதுதான். சூடு மிதித்த (நெற்கதிர் மிதித்த) களத்தை நினைத்துப் பாருங்கள். நெல் வீட்டுக்குப் போய்விடும், பதர் கிடக்கும். கருவியும் செய்தவரோடு காட்டுக்குப் போய் எங்கோ விழும். சில்லுதான் களத்தில் தங்கும். அதிலும் பெரியவற்றைக் காலில் குத்துமென்று கூட்டி ஒதுக்கியிருப்பார்கள். மண்ணில் மிதிபட்ட ஒரு மில்லிமீட்டர் துகளை யார் பொறுக்குவார்? அதனால்தான் மண்ணை நுண்சல்லடையில் அரிக்கிறார்கள். துகள் செறிந்திருந்தால் உட்கார்ந்து தட்டிய இடம் அங்கேதான் இருந்திருக்கும். பெரியவை மட்டும் இருந்தால் துகளை வெள்ளம் அரித்துக் கொண்டுபோனதா, கூட்டிக் கொட்டிய குப்பையா என்று யோசிக்க வேண்டும். கல்லின் மேல்தோலோடு நிறையச் சில்லு கிடந்தால், முழுக்கல்லாகக் கொண்டுவந்து அங்கேயே உடைத்திருக்கிறார்கள். பொறுமையுள்ளவர்கள் சில்லுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பழைய கல்லையே திரும்ப உருவாக்கிப் பார்ப்பதும் உண்டு. இவ்வளவு பேசுகிற பொருளைக் கழிவு என்பதா?

என் பரிந்துரை: டெபிடாஜ் ‘கொத்துச்சில்லு’, நுண்துகள் ‘கற்குறுணல்’ (தமிழ்நாட்டு நண்பர்களுக்குக் குறுணை), செய்த இடம் ‘கொத்துகளம்’. சில்லு என்றால் இங்கே சைக்கிள் சில்லுதான் (சக்கரம்) முதலில் நினைவுக்கு வரும், அதற்காகவே முன்னால் ‘கொத்து’ சேர்த்தேன். அம்மி கொத்தியவர் எழுந்துபோனபின் முற்றத்தில் கிடப்பதும் அதுதானே.

அப்புறம், சில்லு பெயர்ந்தபின் மிஞ்சும் நடுக்கல்லுக்குக் ‘கருக்கல்’ என்பதா ‘மூலக்கல்’ என்பதா? அதற்குத் தனி இழை தொடங்குங்கள், சண்டைக்கு நான் தயார்.