வாசகசாலை வைஃபையைச் சுற்றியுள்ள தெருக்களுக்குக் கொண்டுபோக முடியுமா?

புதுவலை (கேள்வி):

வணக்கம். எங்கள் பகுதிக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு வாசகசாலை நடத்துகிறோம். எல்லோரும் தன்னார்வலர்கள்தான்: வேலை முடிந்து வருகிறவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள். நன்கொடையாக வந்த பழைய கணினிகளில் லினக்ஸ் போட்டு வைத்திருக்கிறோம். ஒரு பிராட்பேண்ட் இணைப்பும் உண்டு. வேலைக்கு விண்ணப்பிக்க, படிவம் நிரப்ப, தேர்வு முடிவு பார்க்க என்று ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அறையைப் பூட்டிய பிறகும் பிள்ளைகள் வாசற்படியில் உட்கார்ந்து வைஃபை பிடிக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் அடுத்த யோசனை வந்தது. எங்கள் மாடியில் ஓர் ஆன்டெனா, அக்கம்பக்கத்துக் கூரைகளில் ரூட்டர்கள் என்று வைத்து, மெஷ் முறையில் (ஒரு ரூட்டரிலிருந்து அடுத்த ரூட்டருக்குத் தாவித் தாவி) சுற்றியுள்ள தெருக்களுக்கும் இணையத்தைக் கொண்டுபோகலாம் என்று நினைக்கிறோம்.

எங்களில் யாருக்கும் நெட்வொர்க் அனுபவம் கிடையாது. ஒரே இணைப்பை இத்தனை பேருக்குப் பகிரலாமா? மெஷ் எவ்வளவு தூரம் தாங்கும்? யாராவது அதில் தப்பான காரியம் செய்தால் யார் தலையில் விழும்? செய்து பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

கூரையேறி:

ஒரு தன்னார்வ நெட்வொர்க்கில் பல வருடங்களாகக் கூரை ஏறுகிற வேலை என்னுடையது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன்.

முதலில் இணைப்பு ஒப்பந்தத்தைப் படியுங்கள். வெளியாருக்குப் பகிரக்கூடாது என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் எங்காவது ஒரு வரி இருக்கும். வாசகசாலைக்குள் வருகிறவர்களுக்குக் கொடுப்பதையே சில நிறுவனங்கள் ஏற்பதில்லை. தெருவுக்குக் கொடுப்பது அடுத்த கட்டம். எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் 'அதெல்லாம் ஒன்றும் ஆகாது சார்' என்று சொல்கிறவர் ஆறு மாதம் கழித்து அந்த நாற்காலியில் இருக்க மாட்டார். பெரிய தன்னார்வ நெட்வொர்க்குகள் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று வேறு வழிக்குப் போய்விட்டன. நியூயார்க்கின் என்ஒய்சி மெஷ் என்ற தன்னார்வ நெட்வொர்க், பல நெட்வொர்க்குகள் ஒன்றோடொன்று இணையும் இணையப் பரிமாற்ற மையத்தில் நேரடியாகப் போய் இணைகிறது. உங்களுக்கு இப்போது அது தேவையில்லை.

தப்புக் காரியம் பற்றிய கேள்விக்கு விடை நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் ஃப்ரைஃபுங்க் என்ற தன்னார்வ வலையமைப்பு இதில் ரொம்பவே சிரமப்பட்டது. திறந்த வைஃபையில் யாரோ ஒரு படத்தை இறக்கினால், வைஃபை வைத்திருப்பவருக்கு நோட்டீஸ் வரும் நிலைமை அங்கே இருந்தது. அதனால் பயனர்களின் இணையப் போக்குவரத்தை விபிஎன் என்ற மறைகுறியிட்ட தனிப்பாதை வழியாக வெளிநாட்டுக்கு அனுப்பி அங்கிருந்து இணையத்துக்குள் விட்டார்கள். 2017இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் அந்தப் பயம் குறைந்தது. சில நாடுகளில் நிலைமை நேர்மாறு: யார், எப்போது இணைந்தார்கள் என்று பதிவு வைத்தே ஆகவேண்டும். உங்கள் இடத்து விதியை ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள், என்னைப் போன்ற கூரைக்காரனிடம் வேண்டாம்.

சரி, மெஷ். ஒரே ரேடியோ உள்ள ரூட்டர்களை வரிசையாக வைத்தால், ஒவ்வொரு தாவலிலும், அதாவது ஒரு ரூட்டரிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒவ்வொரு முறையும், வேகம் ஏறக்குறைய பாதியாகும். வாங்கிய அதே அலைவரிசையில்தான் அது திருப்பியும் அனுப்ப வேண்டும், ஒரே நேரத்தில் இரண்டும் முடியாது. மூன்று தாவலுக்கு அப்பால் இருப்பவருக்கு மிச்சம் சொச்சம்தான் போய்ச் சேரும். ஆகவே கூரைக்கும் கூரைக்கும் நடுவே 5 கிகாஹெர்ட்ஸில் தனி டிஷ் இணைப்பும், கீழே மக்களுக்கு வேறு ரேடியோவும் வையுங்கள். மக்கள் பக்கம் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் 1, 6, 11 ஆகிய சேனல்களைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். நடுவில் 3, 4 என்று போட்டால் இரண்டு பக்கத்துக்காரர்களோடும் சண்டை.

கண்ணுக்கு எதிர்க் கூரை தெரிகிறது, அது போதும் என்றும் நினைக்க வேண்டாம். ரேடியோ அலைக்குக் கோடு போதாது, சுற்றிலும் கொஞ்சம் இடம் வேண்டும். 1 கிலோமீட்டர் தூரத்துக்கு, 5.8 கிகாஹெர்ட்ஸில், பாதையின் நடுப்புள்ளியில் அந்த இடத்தின் ஆரம் சுமார் மூன்றரை மீட்டர். அதில் 60 சதவீதமாவது காலியாக இருக்க வேண்டும். குளிர்காலத்தில் இலை உதிர்ந்த மரத்தைப் பார்த்து ஆன்டெனா வைத்துவிட்டு, தளிர் விட்டதும் 'ரூட்டர் கெட்டுப்போச்சு' என்று கூப்பிடுகிறவர்கள் எல்லா நெட்வொர்க்கிலும் உண்டு. இலையில் இருக்கிற தண்ணீர்தான் அலையைக் குடிக்கிறது. ரூட்டருக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இவையெல்லாம் கற்றுக்கொள்ளக்கூடியவை. நேபாளத்தின் மலைக்கிராமங்களில் மகாபீர் புன் தொடங்கிய வேலையில், மரத்தின் மேலேயே ரிலே ரேடியோ கட்டி வைஃபையைக் கொண்டுபோனார்கள். 2007இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. என் கவலை வேறு. கூரையில் பெட்டியை மாட்டும் அன்று இருபது பேர் வருவார்கள், போட்டோ எடுப்பார்கள். இரண்டாம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மழையில் இணைப்பு போகும்போது யார் ஏணியை எடுப்பது? நான் பார்த்தவரை தன்னார்வ நெட்வொர்க்குகள் வேகம் போதாமல் சாவதில்லை. போனை எடுக்க ஆளில்லாமல் சாகின்றன. ஒரே ஆள் எல்லாப் பாஸ்வேர்டையும் தலைக்குள் வைத்திருப்பார். அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வரும். அதோடு முடிந்தது கதை.

நீடித்து நிற்பவற்றைப் பாருங்கள். ஸ்பெயினின் கட்டலோனியாவில் 2004இல் தொடங்கிய குயிஃபி.நெட் என்ற சமூக நெட்வொர்க்கில் முப்பதாயிரத்துக்கு மேல் கணுக்கள் (இணைப்புப் புள்ளிகள்) இருக்கின்றன. அங்கே கம்பியும் கருவியும் பொதுச்சொத்து. அதன் மேல் தொழில் செய்யும் சின்ன நிறுவனங்கள் பயன்பாட்டுக்கு ஏற்பப் பராமரிப்புச் செலவில் பங்கு தருகின்றன. தென்னாப்பிரிக்காவின் மங்கோசியில் ஸென்ஸெலெனி என்ற கூட்டுறவு, ரேடியோக்களுக்காக வைத்த சோலார் பலகைகளிலிருந்தே கிராமத்தாரின் செல்போன்களைச் சார்ஜ் செய்து கொடுத்து முதல் வருமானத்தைப் பார்த்தது. இணையத்துக்குக் காசு கேட்பதற்கு முன்பே பேட்டரி மாற்றக் காசு இருந்தது! நல்ல மனசுக்கு ஒரு கணக்கு, பராமரிப்புக்கு ஒரு கணக்கு என்று முதல் நாளே பிரித்துவிடுங்கள்.

அடக்கவிலை:

எல்லார் கையிலும் மொபைல் டேட்டா இருக்கும்போது இந்தத் தலைவலி எதற்கு? ஆன்டெனாவுக்குச் செலவழிக்கும் பணத்தில் வசதியில்லாத பிள்ளைகளுக்கு ரீசார்ஜ் செய்துவிடலாமே.

நூலகமேசை:

அடக்கவிலைக்கு: பத்து பக்க விண்ணப்பத்தை அஞ்சு அங்குலத் திரையில் நிரப்பிப் பாருங்கள், அப்புறம் பேசலாம். வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பா வேலைக்குப் போகும்போது கூடவே போய்விடும் என்கிற வீடுகள் ஏராளம். ரீசார்ஜ் அந்தப் போனுக்குத்தானே போகும்?

புதுவலைக்கு: நான் பொது நூலகத்தில் கணினிப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறவள். கூரையேறி சொன்னது சரிதான், ஆனால் அவர் கண் கூரையிலேயே இருக்கிறது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது வேகம் இல்லை, பக்கத்தில் உட்கார ஓர் ஆள். ஓடிபி வந்ததும் பதறுகிறவர், மின்னஞ்சல் முகவரியே இல்லாதவர், ஃபைல் அளவு அதிகம் என்று படிவம் திருப்பியதும் எழுந்து போய்விடுகிறவர். தெருவுக்கு வைஃபை கொடுப்பதற்கு முன்னால், மாலையில் இரண்டு மணி நேரம் கூடுதலாக அறையைத் திறந்துவைக்க முடியுமா என்று பாருங்கள்.

இன்னொன்று. பொதுக் கணினியில் விருந்தினர் கணக்கு மட்டும் வையுங்கள். வெளியேறியதும் எல்லாம் அழிய வேண்டும். உதவுகிற தன்னார்வலர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் மற்றவரின் பாஸ்வேர்டைத் தட்டச்சு செய்யக்கூடாது, விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளிவிட வேண்டும். அடையாள அட்டையைப் படம் எடுத்துத் தன் போனில் வைத்துக்கொண்ட ஒரு நல்ல உள்ளத்தை நான் வெளியே அனுப்பியிருக்கிறேன். அவர் உதவத்தான் நினைத்தார், இருந்தாலும்.

கூரையேறி:

நூலகமேசை சொல்வதற்கு எதிர்வாதம் இல்லை. வைஃபையில் ஒருவர் சாதனம் இன்னொருவர் சாதனத்தைப் பார்க்க முடியாதபடி 'கிளையன்ட் ஐசொலேஷன்' போட்டுவிடுங்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரூட்டரில் ஓபன்-டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் ஏறுமானால், நெரிசலில் வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம் வசதியைப் போட்டு, அளந்த வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை வரம்பாகக் கொடுங்கள். யாரோ ஒருவர் வீடியோ ஏற்றுகிறார் என்பதற்காக மற்ற எல்லோருடைய பக்கமும் சுற்றிக்கொண்டே நிற்பது அதோடு நிற்கும். பெரிய பிளான் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். இணையம் இல்லாமலே படிக்க உதவும் கிவிக்ஸ் என்ற மென்பொருள் மூலம் விக்கிப்பீடியாவை ஒரு பழைய கணினியில் இறக்கி வைத்தால், லைன் போன நாளிலும் பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யலாம்.

அடக்கவிலைக்கு ஒரு வார்த்தை: 2012இல் சாண்டி புயலுக்குப் பிறகு நியூயார்க்கில் புரூக்ளினின் ரெட் ஹுக் பகுதியில், தன்னார்வலர்கள் பராமரித்த சின்ன மெஷ்தான் மக்களுக்கும் நிவாரண ஆட்களுக்கும் உதவியது. ரீசார்ஜ் செய்து பயனில்லாத நாட்களும் வரும்.

புதுவலை:

அனைவருக்கும் நன்றி. நேற்று உட்கார்ந்து பேசினோம். பக்கத்துக் கூரைகளை இப்போதைக்கு விட்டுவிட்டு, அறையைக் கூடுதல் நேரம் திறக்கிறோம். வாசற்படிப் பக்கம் நிழலும் ஒரு பெஞ்சும் போட்டு, வெளியில் வைஃபை கொடுக்கும் ஒரு அக்சஸ் பாயிண்ட் பெட்டி மட்டும் வைக்கிறோம். நிறுவனத்துக்குக் கடிதம் போயிருக்கிறது. பாஸ்வேர்டுகளையும் நெட்வொர்க் வரைபடத்தையும் மூன்று பேர் கையில் வைத்திருக்கிறோம். கடைசியாக ஒரு சந்தேகம்: மின்சாரம் போனால் என்ன செய்வது? இன்வெர்ட்டர் வாங்கத்தான் வேண்டுமா?

கூரையேறி:

வேண்டாம். ரூட்டர்கள் பெரும்பாலும் 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் (டிசி) ஓடுபவை. பேட்டரியின் 12 வோல்ட்டை இன்வெர்ட்டரில் 230க்கு ஏற்றி மறுபடியும் 12க்கு இறக்கினால் நடுவில் வீணாவதுதான் மிச்சம். அடாப்டரில் வோல்ட்டைப் பார்த்து, அதற்கேற்ற சின்ன டிசி யூபிஎஸ் வாங்குங்கள். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியில் 84 வாட்-மணி இருக்கும். அதில் பாதியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று வைத்தாலும், 10 வாட் ரூட்டர் ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஓடும்.

ஃபைபர் இணைப்பு என்றால் ஃபைபரை ரூட்டரோடு இணைக்கும், சுவரில் இருக்கும் அந்தச் சின்ன ஓஎன்டி பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். ரூட்டரை மட்டும் பேட்டரியில் போட்டுவிட்டு, வைஃபை வருது, நெட் வரலையே என்று என்னைக் கூப்பிடாதவர்கள் குறைவு. வெளியில் வைக்கும் அக்சஸ் பாயிண்டுக்குப் போகிற ஈதர்நெட் கேபிள் வெயில் தாங்கும் வகையாக இருக்கட்டும். திடீர் மின்பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர் போட்டு எர்த் கொடுங்கள். மறுபடியும் கூரை ஆசை வரும்போது இங்கேயே எழுதுங்கள்.