புதுப்பிப்பு: ஏபிஎஸ் விளக்கு அணைந்தது
சேற்றுப் பாதையில் ஓட்டிய பிறகு என் வண்டியில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), டிராக்ஷன் (சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுப்பது) எச்சரிக்கை விளக்குகள் எரிவதாகவும், பிழை தேடும் ஸ்கேனர் இடது முன்சக்கரத்தின் வீல் ஸ்பீடு சென்சாரை (சக்கர வேகத்தை அளப்பது) காட்டுவதாகவும் எழுதியிருந்தேன். புது சென்சார் போட்டும் 2 நாளில் விளக்கு மறுபடி எரிந்தது.

குற்றவாளி துரு. சென்சார் உட்காரும் முகப்பில் துரு வீங்கி அதைத் தூக்கிவிட, டோன் ரிங்குடனான (சக்கரத்தோடு சுழலும், சென்சார் படிக்கும் வளையம்) இடைவெளி கூடி, மெதுவாக ஓடும்போது சிக்னல் அறுந்தது. ஒயர் பிரஷ்ஷால் வெறும் உலோகம் தெரியத் தேய்த்து, துளைச் சுவரில் மெல்லிய கிரீஸ் தடவினேன். சென்சார் முனையில் தடவக்கூடாது. பழையதை பிளையரால் முறுக்காதீர்கள், உள்ளேயே முறிந்துவிடும். துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவைத்து, லேசாக இடவலமாக அசைத்து எடுங்கள். லிஃப்ட் கிட் (வண்டியின் உயரத்தைக் கூட்டும் பாகங்கள்) இருந்தால் சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுக்கத் திருப்பி ஒயர் இழுபடுகிறதா பாருங்கள். ஸ்கேனரில் பிழைக் குறியீட்டை அழித்த பின் 20 கி.மீ. வேகத்தில் நேராக ஓட்டினால் ஸ்கேனரில் நான்கு சக்கரமும் ஏறக்குறைய ஒரே வேகம் காட்ட வேண்டும். இப்போது காட்டுகிறது.