அத்தை கொடுத்த கிராம்பும் குடுவையிலிருக்கும் தேறலும்

நான்: சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் வணக்கம். இங்கே இங்கிலாந்தில் 1.5 கிலோ தேனைக் கரைத்து நான் வைத்திருந்த 4.5 லிட்டர் தேறல், அதாவது தேன் மது, நொதித்து அடங்கிவிட்டது. அடியில் படிந்த ஈஸ்ட் மண்டியை விட்டுவிட்டு, தெளிவை மட்டும் வேறு கண்ணாடிக் குடுவைக்கு மாற்றியிருக்கிறேன். இனி ஆறு மாதம் அது முதிரும்போது, அத்தை கொடுத்துவிட்ட கிராம்பில் 10 போட்டு, ஆரஞ்சுத் தோலும் சேர்க்கலாமா?

அம்மா: மக்களே, நம் ஊரில் வீட்டில் மது செய்வது குற்றம். அங்கே தடை ஏதும் இல்லையா?

நான்: இல்லை அம்மா. உரிமமில்லாமல் காய்ச்சி வடிப்பதுதான் இங்கே குற்றம். விற்காமல் வீட்டுக்கென நொதிக்க வைப்பதற்குத் தடையில்லை. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் உள்ள நம் ஊரில் இதை ஒருபோதும் செய்ய மாட்டேன்.

அத்தை (மாறாமலை): பத்து வேண்டவே வேண்டாம். 2021இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கிராம்பு அது. எண்ணெய் வற்றிய கடைச்சரக்கு அன்று. ஒன்றை நகத்தால் அழுத்திப் பார், எண்ணெய் கசியும். அந்தக் குடுவைக்கு இரண்டே மிகுதி.

அக்கா (நாகர்கோவில்): அத்தை சொல்வது சரி, தம்பி. கிராம்பின் மணத்துக்குக் காரணமான யூஜெனால் தண்ணீரில் மிகக் குறைவாகவும் ஆல்ககாலில் எளிதாகவும் கரையும். ஆகவே, தேநீரில் போட்டுப் பழகிய கணக்கை வைத்துக்கொண்டு தேறலில் மாதக்கணக்கில் ஊற விட்டால், தேனின் மணம் அடங்கி நாக்கு மரத்துப்போகும். கரைந்து இறங்கியதைப் பிறகு பிரித்தெடுக்கவும் முடியாது. கொதிநீரில் அலசிய மெல்லிய துணியில் முடிந்து இறக்கு. நாள்தோறும் ஒரு சிறு கரண்டி எடுத்துச் சுவைத்து, போதும் என்று தோன்றும் அன்றே முடிச்சை வெளியே எடுத்துவிடு. இன்னும் பாதுகாப்பான வழியும் உண்டு. கிராம்பைச் சிறிதளவு வோட்காவில் சில நாள் ஊற வைத்து, அந்தச் சாற்றை 100 மில்லி தேறலில் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார். ஒரு சொட்டுப் பிடித்திருந்தால் முழுக் குடுவைக்கு 45 சொட்டு.

நான்: மிகவும் நன்றி அக்கா, சொட்டுக் கணக்கையே பின்பற்றுகிறேன். போன ஆண்டு அன்னாசித் துண்டுகளைச் சேர்த்து ஒரே வாரத்தில் புட்டியில் அடைத்தேன். இரண்டு புட்டிகள் வெடித்துவிட்டன. நல்ல வேளையாக அருகில் எவரும் இல்லை.

சித்தப்பா (மார்த்தாண்டம்): பழத்தின் சர்க்கரை ஈஸ்ட்டுக்கு மறுபடியும் தீனியாகிவிட்டது, மக்களே. கெட்டித் தேனில் நீர் குறைவு என்பதால் அது புளிப்பதில்லை. நீர் கூடிய இடத்தில் தேனோ பழமோ எதைச் சேர்த்தாலும் நொதிப்பு மீண்டும் தொடங்கக்கூடும். பொட்டாசியம் சார்பேட்டும் மெட்டாபைசல்பைட்டும் இட்டு ஈஸ்ட்டை முதலில் அடக்க வேண்டும். அல்லது நொதிப்பு முற்றும் நின்றதை, அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் சில வார இடைவெளியில் அளந்து உறுதி செய்த பிறகே அடைக்க வேண்டும். கிராம்பிலும் தோலிலும் அந்தக் கவலை அநேகமாக இல்லை.

ஆனால் எனக்கு வேறொரு கவலை இருக்கிறது. தேனீ வளர்ப்பவன் என்பதால் சொல்கிறேன்: தேனுக்கென்று ஒரு மணம் உண்டு, அது முதிர முதிரத்தான் வெளிவரும். இங்கே ரப்பரின் இளந்தளிர்க் காம்பில் ஊறும் இனிப்பிலிருந்து வரும் தேன் ஒரு விதம், காட்டுப் பூக்களின் தேன் வேறு விதம். மூங்கில் குழாயில் தேறலை முதிர வைத்தார்கள் என்று பழம்பாடல்கள் சொல்லும் காலத்திலும் தேன்தான் முதன்மை. நான்கு மாதம் எதுவும் சேர்க்காமல் விட்டு, அதன் சுவையை அறிந்த பின் கடைசியில் மணமூட்டு. இரண்டையும் ஒரே நாளில் சேர்க்காதே. முதலில் ஆரஞ்சு, அதுவும் உள்ளே ஒட்டியுள்ள வெள்ளைப் பகுதியை நீக்கிய மேல்தோல் மட்டும், ஏனெனில் அந்த வெள்ளை கசக்கும்.

நான்: அப்படியே செய்கிறேன், சித்தப்பா. குடுவையைக் கழுத்துவரை நிரப்பி, காற்று புகாமல் இருட்டில் வைத்திருக்கிறேன். பிப்ரவரியில் சுவைத்துப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.

அத்தை (மாறாமலை): அதுவரை கிராம்பை ஈரம்படாத கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி வை. அடுப்பருகே வைத்தால் எண்ணெய் போய்விடும்.