நால்வர் அணியாகச் சாகச ஓட்டப் போட்டிக்குச் செல்கிறோம்: வேக வேறுபாட்டை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: எழுவான்கரையான் (களுவாஞ்சிக்குடி)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நால்வர், மூன்று ஆண்களும் ஒரு பெண்ணுமாக, அடுத்த ஆண்டு மலைநாட்டில் 24 மணித்தியாலச் சாகச ஓட்டப் போட்டி ஒன்றில் கலந்துகொள்ள எண்ணியிருக்கிறோம். காட்டுவழி நடை, மலைச் சைக்கிள், கயாக் ஆகிய மூன்றும் அதில் உண்டு. ஜீ.பீ.எஸ். கருவிக்கு அனுமதி இல்லை. வரைபடத்தையும் திசையறி கருவியையும் கொண்டே ஒவ்வொரு அடையாளப் புள்ளியையும் கண்டுபிடிக்க வேண்டும்.

எங்களுடைய சிக்கல் வேக வேறுபாடுதான். ஒருவர் சைக்கிளோட்டப் போட்டிகளில் ஓடிப் பழகியவர்; அவருக்கு ஈடுகொடுக்க எங்களில் யாராலும் முடியாது. வாவியில் தொழில் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொருவர் துடுப்புப் போடுவதில் வல்லவர், ஆனால் ஏற்றத்தில் ஏறும்போது களைத்துவிடுகிறார். வேகமானவரை முன்னே அனுப்பி வழியைப் பார்த்துவைக்கச் சொல்லலாம் என்று சிலர் கூறுகிறார்கள். அது சரியா? வரைபடத்தை யார் வைத்திருப்பது நல்லது? மேடே இல்லாத எங்கள் ஊரில் ஏற்றத்துக்கு எங்கே பயிற்சி எடுப்பது?

பதில் 1: நெடுவழி (அக்கரைப்பற்று)

தம்பி, முன்னே அனுப்பும் யோசனையை இன்றே கைவிடுங்கள். இத்தகைய போட்டிகளில் அணியினர் ஒருவரையொருவர் விட்டு 50 அல்லது 100 மீற்றருக்கு மேல் விலகக்கூடாது என்ற விதி பொதுவாக இருக்கும். தூரம் போட்டிக்குப் போட்டி வேறுபடலாம். விதி இல்லாவிட்டாலும் பயன் இல்லை, ஏனென்றால் நான்காவது ஆள் புள்ளியைத் தொடும் நேரமே உங்கள் அணியின் நேரம். 1989 இல் ஜெரார் ஃபூசில் என்ற பிரெஞ்சுப் பத்திரிகையாளர் நியூசிலாந்தில் ரெய்ட் கோல்வாஸ் என்ற சாகச ஓட்டப் போட்டியை முதன்முறையாக நடத்தியபோதே, பெண்ணொருவரையாவது உள்ளடக்கிய ஐவர் அணி முழுமையாக முடிவிடத்தை அடைய வேண்டும் என்பதுதான் அடிப்படையாக இருந்தது. பிற்காலத்தில் ஆணும் பெண்ணும் கலந்த நால்வர் அணி உலகெங்கும் வழக்கமாகிவிட்டது.

ஆகவே பலமுள்ளவரின் மிச்சப் பலத்தை மெதுவானவருக்கு எப்படிக் கொடுப்பது என்பதே நீங்கள் பழக வேண்டிய விடயம். அதற்கு இழுவைக் கயிறு இருக்கிறது. பழைய சைக்கிள் ரியூப்பை நீளவாட்டில் கீறி எடுத்து, ஒரு முனையை முன்னே செல்பவரின் இருக்கைத் தண்டில் கட்டுங்கள். மறு முனையில் ஒரு வளையம் போட்டு, பின்னே வருபவரின் ஹாண்டில் தண்டில் முடிச்சின்றிக் கொளுவிவிடுங்கள். முடிச்சுப் போட்டால் விழும் நேரத்தில் இருவரும் சேர்ந்து விழுவீர்கள். கொளுவியிருந்தால் ஒரு கையால் தட்டிவிடலாம். ரப்பர் என்பதால் வெட்டி இழுக்காது. முன்னே செல்பவர் பிரேக் பிடிக்குமுன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இறக்கத்தில் கயிற்றைக் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். நடையிலும் ஏற்றம் வந்தால் இடுப்புப்பட்டிக்கு இடுப்புப்பட்டி இதையே செய்யலாம்.

களைத்தபின் உதவுவது மிகவும் தாமதமான உதவி. ஏற்றம் தொடங்குமுன்பே அவருடைய முதுகுப்பையை மற்றவர் வாங்கிக்கொள்ள வேண்டும். "எனக்கு ஒன்றுமில்லை, போங்கள்" என்று ஒருவர் சொல்வதை நான் நம்புவதில்லை. அவர் கதையை நிறுத்திவிட்டாரா, சாப்பாட்டை மறந்துவிட்டாரா என்றுதான் பார்ப்பேன்.

பதில் 2: கடலோரத் தங்கை (திருக்கோவில்)

நெடுவழி அண்ணா சொன்னதில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இழுவைக் கயிறு என்றதும் அணியிலுள்ள பெண்ணின் சைக்கிளில்தான் அதைக் கொளுவ வேண்டும் என்று பலர் தாமாகவே முடிவு செய்துவிடுகிறார்கள். முதல் 6 மணித்தியாலத்தில் பாய்ந்து ஓடிய ஆண்கள் நள்ளிரவுக்குப் பின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும், அளவாக வந்த பெண் அவர்களுடைய பையையும் சேர்த்துத் தூக்குவதும் இந்தப் போட்டிகளில் புதினமல்ல. இழுப்பவரும் இழுக்கப்படுபவரும் மாறிமாறி வருவார்கள் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் யாருக்கும் மானப் பிரச்சினை வராது.

ஏற்றத்துக்குப் பதிலாக எங்களிடம் கச்சான் காற்று இருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவு, ஆயித்தியமலை வழியாக உன்னிச்சைக்குச் சைக்கிள் மிதித்துப் பாருங்கள், மேற்கிலிருந்து வரும் அந்த அனல் காற்றுக்கு எதிரே செல்வது மலையேற்றத்துக்குக் குறைந்ததல்ல. கால்களுக்கு, பாரமான பையுடன் குளக்கட்டின் சரிவில் ஏறி இறங்குவது போதும். பொழுது சாயுமுன் திரும்பிவிடுங்கள், அந்தப் பக்கம் யானை இறங்கும். உகந்தையிலிருந்து குமண வழியாகக் கதிர்காமப் பாதயாத்திரை சென்ற பெரியவர்கள் உங்கள் ஊரில் இருந்தால் அவர்களிடம் பாதங்களைப் பேணுவது பற்றிக் கேளுங்கள். தோல் சூடாக உரசத் தொடங்கியவுடனேயே நின்று கட்டுப் போட வேண்டும், கொப்புளம் வந்தபின் போட்டுப் பயனில்லை என்பதை அவர்கள் எந்தப் பயிற்றுநரையும்விட நன்றாகச் சொல்லித்தருவார்கள்.

பதில் 3: பழைய சங்கிலி (மட்டக்களப்பு)

நில அளவைத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் வரைபடத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வரைபடத்தை உங்கள் அணியின் சைக்கிள் வீரரிடம் கொடுக்காதீர்கள். வேகமானவர் முதலில் சந்திக்கு வந்துவிட்டு, நின்று பார்க்க மனமில்லாமல் கடந்து போய்விடுவார். மூச்சு வாங்காமல் வரக்கூடிய நடுத்தர வேகக்காரரிடம் அது இருக்கட்டும். இரண்டாவது ஆள் ஒருவர் அவருடைய ஒவ்வொரு முடிவையும் கேள்வி கேட்க வேண்டும், குறிப்பாக இரவில்.

நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தில் 2 சென்ரிமீற்றர் என்பது நிலத்தில் 1 கிலோமீற்றர். வாவிக்கு மேற்கேயுள்ள சமதரையான படுவான்கரையில் சமவுயரக் கோடுகள் உங்களுக்கு அதிகம் உதவமாட்டா, ஆகையால் வாய்க்காலின் வளைவு, குளக்கட்டு, வீதிச் சந்தி ஆகியவற்றைக் கொண்டு இடம் அறியப் பழகுங்கள். வாய்க்காலோரத்தில் உள்ள ஒரு மதகைத் தேடிச் செல்வதாயின் நேரே மதகைக் குறிவைக்காமல், வேண்டுமென்றே சற்று இடப்பக்கமாகக் குறிவைத்து நடந்து வாய்க்காலை அடையுங்கள். அப்போது வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்பதில் ஐயம் இராது. நேரே குறிவைத்துத் தவறினால் எந்தப் பக்கம் தவறினோம் என்று தெரியாமல் அரை மணித்தியாலம் போய்விடும். சமதரையில், மணலில், ஏற்றத்தில் 100 மீற்றருக்கு எத்தனை எட்டு வைக்கிறீர்கள் என்பதைத் தனித்தனியே எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். தேயிலைத் தோட்டங்களில் வரைபடத்தில் இல்லாத ஒற்றையடிப் பாதைகள் ஏராளம், ஆகவே அங்கே பாதையை நம்பாமல் மலைத்தொடரின் முதுகையும் ஓடையையும் நம்புங்கள். திசையறி கருவியைச் சைக்கிளின் இரும்புக்கும் கைபேசிக்கும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

பதில் 4: வார்ட்டு வைத்தியர் (அம்பாறை மாவட்டம்)

எலி முதலியவற்றின் சிறுநீர் கலந்த நீராலும் சேற்றாலும் தொற்றும் எலிக்காய்ச்சலைப் பற்றி யாரும் பேசவில்லை. 2000 ஆம் ஆண்டு மலேசியாவின் சபா மாநிலத்தில் நடந்த ஈகோ சலஞ்ச் போட்டியில் 304 பேர் கலந்துகொண்டனர். பின்னர் ஆய்வாளர்கள் தொடர்புகொண்டு விசாரித்த 189 பேரில் 80 பேருக்கு இந்நோயின் அறிகுறிகள் இருந்தன, 29 பேர் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டனர். நல்லவேளையாக எவரும் இறக்கவில்லை. செகாமா ஆற்றில் நீந்தியதே முக்கிய காரணமாகக் கண்டறியப்பட்டது. கிருமி உடலில் புகுந்து காய்ச்சல் தொடங்க ஒன்று இரண்டு வாரங்கள் ஆகலாம் என்பதால், போட்டி முடிந்து வீடு திரும்பியபின் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண்சிவப்பும் வந்தால், சேற்றிலும் ஆற்றிலும் இறங்கியதை வைத்தியரிடம் நீங்களாகவே சொல்ல வேண்டும். எங்கள் வயல்காரருக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் கொடுக்கப்படும் டொக்சிசைக்ளின் மாத்திரை உங்களுக்குப் பொருந்துமா என்பதைப் போட்டிக்கு முன்பே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். பயிற்சிக்காக வயல்வழி நடப்பதாயின் காலில் வெட்டுக்காயம் திறந்தபடி இருக்கக்கூடாது.

வெயிலில் தண்ணீரை மட்டும் அளவுமீறிக் குடிப்பதும் ஆபத்தானது, இரத்தத்தில் உப்பு குறைந்து ஆள் தடுமாறத் தொடங்கிவிடுவார். உப்பும் சீனியும் கலந்த ஜீவனித் தூளைத் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எழுவான்கரையான்:

மிக்க நன்றி. இழுவைக் கயிற்றை இவ்வாரமே செய்து பார்க்கிறோம். இன்னும் ஒன்று: கயாக் இருவர் அமரும் வகை. துடுப்பில் வல்லவரையும் அடுத்த நிலையில் உள்ளவரையும் ஒரே கயாக்கில் அமர்த்தலாமா?

நெடுவழி:

வேண்டாம். ஒரு கயாக் முன்னே போய்க் காத்துநிற்கும், மற்றது பின்னே தவிக்கும். சைக்கிளில் நீங்கள் தீர்க்கப் பார்க்கும் அதே சிக்கல் தண்ணீரில் வந்துவிடும். நல்ல துடுப்புக்காரர் இருவரையும் பிரித்து, ஆளுக்கொரு கயாக்கில் பின்னிருக்கையில் அமர்த்துங்கள். திசை திருப்புவது அங்கிருந்துதான். வரைபடக்காரர் முன்னிருக்கையில் இருக்கட்டும். அப்போதும் ஒன்று பின்தங்கினால் இரண்டையும் கயிற்றால் தொடுத்துக்கொள்ளலாம். வாவியில் காற்று எழுமுன் விடியற்காலையில் பழகுங்கள், கண்டற்காட்டு ஓரங்களில் முதலை இருக்கும் என்பதால் அவற்றை ஒட்டிச் செல்ல வேண்டாம். வலை போட்டிருக்கும் இடங்களை உங்கள் நண்பரே காட்டித்தருவார்.