ஹென்ரிக் ஷார்லிங்: இறையியல் பேராசிரியர் எழுதிய கிறிஸ்துமஸ் நாவல்

கேள்வி:
டென்மார்க்கின் ஹென்ரிக் ஷார்லிங் (1836–1920) பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் இறையியல் பேராசிரியர், அப்பாவும் அதே துறையில் அங்கேயே பேராசிரியர். ஒழுக்கவியல், மத தத்துவம் என்று கனமாக எழுதியவர். ஆனால் எங்கே தேடினாலும் ஒரு கிறிஸ்துமஸ் நாவல்தான் முதலில் வந்து நிற்கிறது. பேராசிரியர் பதவிக்கு அது இடைஞ்சலாக இருக்கவில்லையா?

பதில் 1:
நாவல் வந்தது 1862இல், அப்போது அவருக்கு 26 வயது. பேராசிரியர் ஆனது 1870இல். அதனால் இடைஞ்சல் என்று சொல்ல முடியாது. ஆனால் சொந்தப் பெயரில் வெளியிடவில்லை, நிக்கோலாய் என்ற புனைபெயரில்தான் போட்டார், கதை சொல்லும் பையனின் பெயரும் அதுதான். மூன்று அண்ணன் தம்பிகள், கோபன்ஹேகன் மாணவர்கள், விடுமுறைக்கு நோடெபோ கிராமத்துப் பாதிரியார் வீட்டுக்குப் போகிறார்கள். சட்டம் படிப்பவனுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் ‘கார்புஸ் யூரிஸ்’ (லத்தீனில் ‘சட்டத் தொகுப்பு’), இறையியல் படிப்பவன் ‘கிழவன்’! கடைக்குட்டி நிக்கோலாய்க்கோ இந்த விடுமுறையிலேயே யாரையாவது காதலித்துவிட வேண்டும். பாதிரியாருக்கு எம்மி, ஆண்ட்ரியா மார்கிரேட்டே என்று இரண்டு பெண்கள். அப்புறம் என்ன ஆகும் என்று நான் சொல்லப் போவதில்லை, படியுங்கள்.

பதில் 2:
நாவலின் ஆயுளைக் கூட்டியது நாடகம். டேனிஷ் நடிகர் எலித் ரியூமர்ட் அதை மேடைக்கு மாற்றினார், கிறிஸ்துமஸ் வந்தாலே கோபன்ஹேகனில் அதைப் போடுவது வழக்கமாகிவிட்டது. 1934இலும் 1974இலும் சினிமாவாகவும் வந்தது. நாடகம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஷார்லிங் என்றால் நோடெபோதான், அவருடைய ஒழுக்கவியல் நூலை யார் தேடிப் போகப் போகிறார்கள்?

பதில் 3:
நாவல் பிரபலமானது என்பதற்காக அவருடைய மற்ற எழுத்தை ஒதுக்கிவிட வேண்டாம். 1870களில் ‘மானுடமும் கிறிஸ்தவமும்’ என்று வரலாற்றைக் கிறிஸ்தவப் பார்வையில் அலசும் பெரிய நூலை எழுதியவர் அவர். இன்னொன்று, நாவல் வந்து இரண்டே வருடத்தில், பிரஷ்யா, ஆஸ்திரியாவுடனான 1864 போரில் டென்மார்க் தோற்று, தெற்கே இருந்த ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பகுதிகள் இரண்டையும் இழந்தது. அப்படியொரு அடி வாங்கிய நாட்டுக்கு, சண்டை சச்சரவே இல்லாத அந்தப் பாதிரியார் வீடு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! இது என் ஊகம்தான், ஆனாலும் அந்த வரவேற்புக்கு நகைச்சுவை மட்டுமே காரணம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. சரி, முதலில் நாவல், பிறகு ‘மானுடமும் கிறிஸ்தவமும்’. டேனிஷ் தெரியாது, நாவலுக்கு 19ஆம் நூற்றாண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறதாம், அதைத்தான் தேடப் போகிறேன்.