‘ரிதமிக் ஜிம்னாஸ்ட்’: தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினருக்கு வணக்கம்.

பழைய விளையாட்டு வீராங்கனைகளைப் பற்றிச் சிறு குறிப்புகள் எழுதி வருகிறேன். நேற்று ஹனா மிச்செகோவாவிடம் வந்து மாட்டிக்கொண்டேன். 1965இல் பிராகில் நடந்த ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் (இசைக்கேற்ப, பெரும்பாலும் பந்து, வளையம் போன்ற பொருளைக் கையில் வைத்து ஆடும் வகை) உலகப் போட்டியில் தனிநபர் ஒட்டுமொத்தப் பட்டம் வென்றவர். உலகப் போட்டி தொடங்கியதே 1963இல், புடாபெஸ்டில். அங்கே சோவியத்தின் லுத்மிலா சவின்கோவா வென்றார். அடுத்த முறை, போட்டியை நடத்திய நாட்டுக்கே பட்டம் வந்துவிட்டது.

நான் எழுதிய முதல் வரி இது: “ஹனா மிச்செகோவா, ஓய்வுபெற்ற செக் தாளச் சீருடற்பயிற்சியாளர்.”

தங்கையிடம் படிக்கக் கொடுத்தேன். “கோச்சா? எந்த ஸ்கூல்ல ரிட்டயர் ஆனாங்க?” என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. ‘பயிற்சியாளர்’ என்றால் நமக்குப் பயிற்சி கொடுப்பவர்தான், எடுப்பவர் இல்லை. ‘ஓய்வுபெற்ற’ என்றதும் பென்ஷன், வழியனுப்பு விழா, சந்தன மாலை. இருபது முப்பது வயதில் களத்தை விட்டு விலகும் பெண்ணுக்கு அந்தச் சொல் எப்படிப் பொருந்தும்? ‘முன்னாள்’ என்றே போடலாம் என நினைக்கிறேன். ஜிம்னாஸ்டுக்கு, நடுவில் இருக்கும் ‘பயிற்சி’யைத் தூக்கிவிட்டு ‘சீருடல் வீராங்கனை’ என்றால் கோச் குழப்பம் போய்விடும்.

மிச்சம் இருப்பது ‘ரிதமிக்’. ‘தாள’ என்று எழுதினால் கண் முன்னால் ஜால்ராதான் வருகிறது. வேறு சொல் உண்டா?

அன்புடன்.

—

தம்பி,

‘சீருடல்’ நன்றாக இருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் ‘ஜிம்னாஸ்டிக்ஸ்’ என்றுதான் எழுதுவார்கள், எழுதட்டும்.

ஆனால் ‘ரிதமிக்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். செக்காரர்களே அப்படிச் சொல்வதில்லை. அவர்கள் மொழியில் அது ‘மொதெர்னி கிம்னாஸ்டிகா’, அதாவது நவீன ஜிம்னாஸ்டிக்ஸ். ஜப்பானியர் ‘ஷின்தாய்சோ’ என்கிறார்கள், புதிய உடற்பயிற்சி. ரஷ்யர்கள் ‘கலை ஜிம்னாஸ்டிக்ஸ்’ என்ற பொருளில் சொல்கிறார்கள், போலந்துக்காரர்களும் அப்படியே. ஆங்கிலத்தில் கலை என்ற அடைமொழி பெற்றிருப்பதோ கம்பி, கட்டை, குதிரை என்று தாவும் அந்த மற்ற ஜிம்னாஸ்டிக்ஸ். ஒருவர் ரஷ்ய மூலத்தைப் பார்த்தும் இன்னொருவர் ஆங்கில மூலத்தைப் பார்த்தும் ‘கலைச் சீருடல்’ என்று எழுதினால் இரண்டு விளையாட்டும் ஒரே பெயரில் வந்து நிற்கும்.

உங்கள் குறிப்பில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். அதே அறுபதுகளில், அதே நாட்டில் அந்த மற்ற ஜிம்னாஸ்டிக்ஸின் வேரா சாஸ்லவ்ஸ்கா இருந்தார். டோக்கியோவில் மூன்று, மெக்சிகோவில் நான்கு என ஏழு ஒலிம்பிக் தங்கம். ‘செக் ஜிம்னாஸ்ட்’ என்றால் விவரம் தெரிந்தவர்கள் அவரைத்தான் நினைப்பார்கள். மிச்செகோவாவின் விளையாட்டு ஒலிம்பிக்கில் நுழைந்ததே 1984இல். பாவம், அதற்குள் அவர் காலம் முடிந்துவிட்டது.

இந்தச் சொல் தொல்லை செக்காரர்களுக்கும் இருந்தது. 1862இல் பிராகில் சோகோல் என்ற உடற்பயிற்சி இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் மிரோஸ்லாவ் திர்ஷ். ஜெர்மன் சொற்களை வைத்துப் பயிற்சி கொடுக்க மனமில்லாமல், ஒவ்வோர் அசைவுக்கும் நிலைக்கும் செக் மொழியில் பெயர் வைத்தார். அங்கே உடற்பயிற்சிக்குச் சொல் ‘தியெலோத்ஸ்விக்’. ‘தியெலோ’ உடல், ‘த்ஸ்விக்’ பயிற்சி. நம் சொல்லும் அதே வார்ப்புதான்!

என் யோசனை: கையில் எப்போதும் ஒரு பொருள் இருக்கிறதே, அதை வைத்து ‘கருவிச் சீருடல்’ என்றால் என்ன?

பி.கு.: ரிதமிக் வீராங்கனைகள் சுழற்றும் இரட்டைக் கட்டைக்கு நமக்குச் சொல் பஞ்சமே இல்லை. எங்கள் தெருமுனைக் கூடத்தில் எண்ணெய் ஏறிக் கறுத்துப்போன கர்லாக்கட்டைகள் சுவரோரம் சாய்ந்திருக்கும். என்னால் ஒன்றை நிமிர்த்த மட்டும்தான் முடிந்தது, வாத்தியார் தலைக்குப் பின்னால் சுற்றி எடுப்பார். வெள்ளைக்காரர்கள் நம் நாட்டில் கண்டு, ‘இந்தியக் கட்டை’ என்று பெயரிட்டுக் கொண்டுபோனது இந்தக் குடும்பத்தைத்தான். ஐரோப்பிய உடற்பயிற்சிக் கூடங்களில் மெலிந்து மெலிந்து, இந்தப் பெண்கள் கையில் 150 கிராமுக்கு வந்திருக்கிறது.

—

ஐயா,

கர்லா விஷயம் எனக்குப் புதிது, நன்றி. ‘இரட்டைக் கர்லா’ என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கட்டையும் ரிப்பனும் உலகப் போட்டிக்குள் வந்தது எழுபதுகளில். மிச்செகோவா குறிப்பில் அவை தேவைப்படாது. (ரிப்பனை ரிப்பன் என்றே விட்டுவிடுவோம். ஆறு மீட்டர் நீளத்துக்குக் காற்றில் சுருள்வதை ‘நாடா’ என்றால் பாவாடை நாடாவாகிவிடும்.)

‘கருவிச் சீருடல்’ எனக்கு ஒட்டவில்லை. அந்தக் காலப் போட்டிகளில் வெறுங்கையோடு செய்யும் பிரிவும் இருந்தது. அதோடு சாஸ்லவ்ஸ்கா ஏறி நின்ற கட்டையும் கருவிதானே? இசையை வைத்தும் பிரிக்க முடியாது, அங்கே பெண்களின் தரைப் பயிற்சிக்கும் இசை உண்டு.

ராத்திரி அகராதியைப் புரட்டியபோது ‘சந்தம்’ கண்ணில் பட்டது. திருப்புகழால் அதன் ஓசைப் பொருள் எல்லோருக்கும் தெரியும். அழகு என்ற பொருளும் அதற்கு உண்டு. ஆங்கிலத்தில் இருந்து வருகிறவர் ஓசையை எடுத்துக்கொள்ளட்டும், ரஷ்யனில் இருந்து வருகிறவர் அழகை எடுத்துக்கொள்ளட்டும். ‘சந்தச் சீருடல்’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், நாக்கில் இடறவில்லை. ‘சீர்’ என்பதிலேயே செய்யுளின் சீரும் இருப்பதால் இரண்டும் சேர்ந்தே நிற்கின்றன.

—

தம்பி,

கருவியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ‘சந்தச் சீருடல்’ இருக்கட்டும். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் எனப்படும்’ என்று சேர்த்துவிடுங்கள், தேடுகிறவர்கள் அதைப் போட்டுத்தான் தேடுவார்கள்.

இன்னொன்று. 1965இல் அவர் ஆடியது செக்கோஸ்லோவாக்கியாவுக்காக. அந்த நாடு பிரிந்தது 1993இல். பட்டத்தைச் சொல்லும் இடத்தில் ‘செக்’ என்று போடாதீர்கள்.

—

ஐயா, திருத்திவிட்டேன்:

“ஹனா மிச்செகோவா: ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் எனப்படும் சந்தச் சீருடலில் செக்கோஸ்லோவாக்கியாவின் முன்னாள் உலக வெற்றியாளர் (பிராக், 1965).”

மறுபடியும் தங்கையிடம் காட்டினேன். இந்த முறை கோச் என்று சொல்லவில்லை. “சந்தமா, சொந்தமா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.